எர்மான்ஜாஸின் இடக்கை விவகாரம்

எர்மான்ஜாஸுக்குப் படிப்பு கிடையாது, சொத்து கிடையாது, முகவெட்டும் சுமார்தான். இருந்த ஒரே கர்வம் இடக்கை. பாயக்கும்பு ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மனைவி வீட்டாரின் சாப்பாட்டுக் கடையில் அவர் அந்தக் கையை மடக்கி நீட்டினால், விரல் நுனி தொடங்கித் தோள் வரைக்கும் தட்டுகள் ஏறி உட்காரும். தேங்காய்ப் பாலில் சுண்டவைத்த ரெண்டாங் மாட்டுக்கறி, கோழிக் குழம்பு, மீன் தலை, பலாக்காய், வேகவைத்த மரவள்ளி இலை, பச்சை மிளகாய்ச் சம்பல் என்று ஒன்றின் விளிம்பில் ஒன்று குந்தியிருக்கும். அத்தனையையும் சுமந்துகொண்டு மேசைகளுக்கு நடுவே இடுப்பை வளைத்து வருவார். வலக்கை ஒவ்வொரு தட்டாக எடுத்து விருந்தாளி முன்னால் வைக்கும். அங்கே யாரும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டு வாங்குவதில்லை. இருப்பதையெல்லாம் பரப்பிவிட வேண்டும். தொட்டதற்கு மட்டும் காசு, தொடாதது அதே கையேறித் திரும்பிப் போகும்.

இந்த வித்தையை அவர் ஜகார்த்தாவில் கற்றார். மீசை முளைத்ததும் ஆம்பிளைகள் பிழைக்க வெளியூர் போய்விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். போகாதவனைச் சோம்பேறி என்பார்கள். எர்மான்ஜாஸும் போனார். ஒரு கடையில் எச்சில் தட்டு கழுவி, பிறகு நிறைந்த தட்டு தூக்கி, விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு கல்யாண விருந்தில் பரிமாறினார். பின்னால் மனைவியான யுஸ்னிமாரின் தாயார் அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மறுவாரமே மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள்.

மினாங்கபாவ் நாட்டில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். மாப்பிள்ளைதான் துணி மூட்டையோடு பெண் வீட்டுக்குக் குடி வருவான். வீடு அவளுடையது, வயல் அவளுடையது, பேச்சு அவளுடைய தாய்மாமனுடையது. மாப்பிள்ளைக்கு நல்ல பாய் போட்டு, நல்ல காப்பி கொடுத்து, அபிப்பிராயம் மட்டும் கேட்காமல் வைத்திருப்பார்கள். எர்மான்ஜாஸ் இதற்காகப் பெரிதாக வருந்தியதில்லை. கடையில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யுஸ்னிமாரின் தம்பி ஜாஸ்ரில்தான். ஆனால் லாரி டிரைவர்கள் வாசலில் நின்றபடியே "பெருசு இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அது போதும் அவருக்கு.

அறுபதைத் தாண்டியபோது இடத்தோள் முனக ஆரம்பித்தது. எர்மான்ஜாஸ் தலையணையைத் திட்டினார். பிறகு மின்விசிறியைத் திட்டினார். தைலம் தடவினார், எலும்பு பிடிப்பவரிடம் போய் "அம்மா" என்று அலறிவிட்டு வந்தார். கையைத் தூக்குகிறபோது உள்ளே ஏதோ நறநறவென்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜாஸ்ரில் தன்னைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு வேறு ஆள் பிடிப்பான் என்று தெரியும். கல்லாவில் உட்காருவது என்றால் எர்மான்ஜாஸைப் பொறுத்தவரை பாடையில் படுப்பதற்கு முந்தின நிலை.

பெருநாள் கூட்டத்தில் குட்டு உடைந்தது. ஜகார்த்தாவிலிருந்து சொந்த ஊர் வந்திருந்த ஒரு குடும்பம், எல்லோரும் புது வெள்ளைச் சட்டை. எர்மான்ஜாஸ் தட்டு மலையோடு அவர்கள் மேசைக்கு வந்து சேர்ந்தார். கையை ஒரு சாண் உயர்த்த வேண்டும். கை உயரவில்லை. அவர் சொல்வதைக் கேட்காமல் அது மெல்லக் கீழே போனது. மீன் தலை குடும்பத் தலைவரின் மடியில் போய் விழுந்து அவரையே அண்ணாந்து பார்த்தது. மஞ்சள் குழம்பு மிச்ச உறுப்பினர்களுக்குப் பாரபட்சமில்லாமல் கிடைத்தது.

பாடாங் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் டியூர்மா தோளின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தாள். மேடான் பக்கத்து பாத்தாக் இனத்துப் பெண்மணி. அந்த ஊர்க்காரர்கள் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

"எவ்வளவு நாளா வலி?"

"இப்பத்தான், ஒரு மாசமா."

"பொய் சொல்லாதீங்க பெரியவரே. இது பத்து வருஷத்துச் சண்டை. தோளுக்குள்ள நாலு சின்னத் தசை இருக்கும். கை எலும்பு நுனியில பந்து, தோள்பட்டை எலும்புல ஒரு கிண்ணம். பந்தைக் கிண்ணத்துலேர்ந்து நழுவ விடாம பிடிச்சு வெச்சிருக்கிறதே அந்த நாலும்தான். உங்களுக்கு அதெல்லாம் அறுந்து, சுருங்கி, நூலாப் போச்சு. பிடிக்க ஆளில்லாம பந்து மேலே ஏறி முட்டிக்கிட்டு நிக்குது."

"புதுப் பந்து போடுங்க டாக்டர்."

"புதுசு போட்டாலும் அதையும் பிடிக்க ஆள் வேணாமா? அதனால தலைகீழா மாட்டுவோம். பட்டை எலும்புல பந்தை வெச்சுத் திருகாணி போட்டு இறுக்கிடுவோம். கிண்ணத்தைக் கை எலும்புல நட்டுடுவோம்."

எர்மான்ஜாஸ் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். "அப்ப தெரிஞ்சே தப்பா மாட்டப் போறாங்க."

"ஆமா. அதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சேன்," என்றாள் டாக்டர். மேசை மேலிருந்த பேனாவை எடுத்து இன்னொரு பேனாவின் மேல் குறுக்கே வைத்துக் காட்டினாள். "கை எந்த இடத்தை வெச்சுச் சுத்துதோ, அந்த இடம் இப்ப உள்பக்கமாவும் கீழேயும் நகருது. அப்ப வெளியில தோளைப் போத்தியிருக்கே பெரிய தசை, அதுக்கு நெம்புறதுக்கு அதிக நீளம் கிடைக்குது. கடப்பாறையை நீளமாப் பிடிச்சா கல்லு லேசாத் தெரியுமே, அதே கதைதான். இத்தனை நாள் அந்தப் பெரிய தசை தனியாத் தூக்கப் பாத்தா பந்து மேலதான் எகிறும். இனிமே பந்து அசையாது. நாலு பேர் செஞ்ச வேலையை அது ஒண்டியாச் செய்யும்."

எர்மான்ஜாஸுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுது டாக்டர். பந்துதான் மாப்பிள்ளை. இத்தனை நாளா ஊர் ஊராச் சுத்திக்கிட்டிருந்தவன் இப்ப பொண்ணு வீட்டோட போயி உக்காந்துட்டான்."

டியூர்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் இனத்தில் பெண்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். "எங்க ஊர்த் தோள் இவ்வளவு நாள் இருந்துச்சு. இனிமே உங்களுக்கு அசல் மினாங் தோள்."

"அந்த நாலு சின்னத் தசை யாருன்னும் தெரிஞ்சுபோச்சு," என்றார் எர்மான்ஜாஸ். "தாய்மாமனுங்க. வெளியில நின்னு ஒண்டியா இழுக்கிற பெரிய தசை யாருன்னு நான் சொல்லணுமா?"

யுஸ்னிமார் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"சிரிச்சது போதும், இதைக் கேளுங்க," என்றாள் டாக்டர். "மேலே தூக்கலாம், முன்னால நீட்டலாம். ஆனா கையை வெளிப்பக்கம் திருப்புற சக்தி குறையும். பின்பக்கம், முதுகுக்குக் கொண்டுபோறதும் பலருக்கு முழுசாத் திரும்பி வராது."

"முதுகுப் பக்கம் எனக்கு என்ன வேலை? தட்டு தூக்கலாமா, அதைச் சொல்லுங்க."

"நல்லா ஆறினப்புறம், அளவா. மலையெல்லாம் தூக்கக் கூடாது. கொஞ்சம் தட்டு சரி."

எர்மான்ஜாஸ் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். முதுகுப் பக்கம் என்ன வேலை என்பது ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில்தான் தெரிந்தது.

கை துணித் தொட்டிலில் தொங்குகிறது. வயிறு தன் கடமையைச் செய்துவிட்டது. மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது வலக்கை, கழுவுவது இடக்கை என்று அறுபது வருடமாக இருந்த வேலைப் பிரிவினை திடீரென்று நின்றுபோயிருந்தது. வலக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சோறு பிசைகிற கை. ரெண்டாங் கறியை எடுத்து விருந்தாளியின் முன்னால் வைக்கிற கை. முடியாது என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனது. வெளியே வரிசை சேர்ந்தது. கடைசியில் கதவைத் தட்டியது யுஸ்னிமார்.

"செத்துட்டீங்களா, உயிரோட இருக்கீங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

அவள் உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். எர்மான்ஜாஸ் வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு அழுதுவிட்டார். "சும்மா இருங்க," என்றாள் அவள். "நாலு பிள்ளைக்குக் கழுவினவ நான். அஞ்சாவதுக்கு மீசை இருக்கு, அவ்வளவுதான்."

தொட்டில் கழன்ற பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். தொட்டில் கழன்றது. படுத்தபடி கையைத் தூக்கப் பழகினார், பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. ஒருநாள் காலை கை தானாகத் தலைக்கு மேலே போனது. வலியும் இல்லை, நறநறவும் இல்லை. எர்மான்ஜாஸ் கையை அப்படியே வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஓட்டைப் பிரித்துச் சூரியனைத் தொட்டுவிடுவார்போல இருந்தது. ஆனால் அதே கையைக் கீழிறக்கிப் பின்னால் கொண்டுபோனால் இடுப்பு எலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஒரு விரல்கூட நகரவில்லை. முன்பக்க வழியாக முயன்றால் தொப்பை வழிமறித்தது. பாடாங் சமையலை ஆயுள் முழுக்க ருசி பார்த்தவரின் தொப்பை அது, லேசில் வழிவிடாது. ரப்பர் குழாய் மாட்டிப் பீய்ச்சிப் பார்த்தார். மேல்தொட்டி சின்னது, தண்ணீர் சோம்பலாக வந்து காலை நனைத்துவிட்டுப் போனது.

ஆகவே தினமும் காலையில் யுஸ்னிமார்தான். கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டே காரியத்தை முடிப்பார்கள்.

"இது வெளியில தெரிஞ்சா ஆத்துல குதிச்சுருவேன்," என்றார் அவர்.

"ஆத்துல முழங்கால் தண்ணிதான் ஓடுது. குனிங்க."

கேலியாகச் சொன்னாலும் சத்தியம் செய்துகொடுத்தாள். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று.

தட்டு விஷயத்தில் வேறு சிக்கல். கை உயர்ந்தது, முன்னால் நீண்டது. ஆனால் முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்புறம் விரித்து வைத்தால் அது அங்கே நிற்கவில்லை. அடுப்பங்கரைப் பூனை மாதிரி மெதுவாக உள்ளே சாய்ந்து தொப்பையின் மேல் வந்து படுத்துக்கொண்டது. திருப்பிப் பிடிக்கிற சின்னத் தசைகள்தான் இல்லையே. பாடாங் போய் டியூர்மாவிடம் முறையிட்டார்.

"கை திரும்பலேன்னா நீங்க திரும்புங்க," என்றாள் அவள். "முதுகை நிமித்தி வைங்க, பட்டை எலும்பையும் சேத்து நகர்த்துங்க, இடுப்போட சுத்துங்க. தோள் வேற மாதிரி ஆயிடுச்சு பெரியவரே. பழைய கை வேணும்னு அடம் பிடிச்சா இதுவும் போயிடும்."

அன்று முதல் கொல்லையில் பயிற்சி. தட்டுகளில் மணலை நிரப்பி யுஸ்னிமார் அடுக்கிவிடுவாள். கையை உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, வைக்க வேண்டிய திசைக்கு மொத்த உடம்பையும் திருப்பினார். நிலையத்தில் பேருந்து ரிவர்ஸ் எடுப்பதுபோல் இருந்தது. முதலில் தட்டுகள் விழுந்தன, கோழிகள் ஓடின. பிறகு விழவில்லை. பழைய மலை இல்லைதான், தோள் வரைக்கும் ஏறவில்லை, முழங்கை வரைக்கும்தான். ஆனால் ஒரு மேசைக்குத் தாராளமாகப் போதும்.

எர்மான்ஜாஸ் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அந்தக் கை மற்றதைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டதால் இடப்பக்கச் சட்டைக் கை குட்டையாகத் தெரிந்தது. "மச்சானுக்குக் கை நீளமாயிருச்சு, கல்லாப் பெட்டியைப் பத்திரமாப் பாத்துக்கணும்," என்று ஜாஸ்ரில் சொல்ல, சமையல்காரர்கள் சிரித்தார்கள். எர்மான்ஜாஸும் சிரித்தார். ஆனால் ஜாஸ்ரிலின் கண் சட்டையின் பின்பக்கம் போய் நின்றது. வலப்பக்கம் கச்சிதமாகக் கால்சட்டைக்குள் சொருகியிருந்தது. இடப்பக்கம் சட்டை வால்போல வெளியே தொங்கியது.

"மச்சான், அதை உள்ள விடுங்க."

எர்மான்ஜாஸ் வலக்கையை முதுகைச் சுற்றிக் கொண்டுபோனார்.

"இடக்கையால."

எர்மான்ஜாஸ் அசையவில்லை. ஜாஸ்ரில் கெட்டவன் அல்ல, ஆனால் கணக்குப் போடுகிறவன். சட்டை வாலுக்கு எட்டாத கை வேறெதற்கும் எட்டாது என்று கணக்குப் போட்டான். அப்படியானால் அந்த வேலையை எந்தக் கை செய்கிறது என்று அடுத்த வரியையும் போட்டான். விடை வந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நீங்க கல்லாவுல உக்காருங்க மச்சான். தட்டுப் பக்கம் வேண்டாம்."

"ஏன் மாப்ள? பாரு, தூக்கிக் காட்டுறேன்."

"தூக்குற கை பத்தி நான் பேசல. வைக்கிற கை பத்திப் பேசுறேன். வெளியில தெரிஞ்சா பேருந்து நிலையமே சிரிக்கும். கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

எர்மான்ஜாஸ் கல்லாவில் உட்கார மாட்டேன் என்றார். கோபத்தில் ஒரு தட்டையும் உடைத்தார். வேறு வழியில்லாமல் ஜாஸ்ரில் தாய்மாமன் டத்துக் ராஜோவிடம் போனான். குடும்பத்தின் வாய் அவர்தான். எண்பது வயது, எட்டு ஊருக்குக் கேட்கிற இருமல். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் யுஸ்னிமார் வீட்டில் கூட்டம் என்று சொல்லிவிட்டார்.

பாய் விரித்து, காப்பி வைத்து, ஆம்பிளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். டத்துக் கிராம்புச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, முன்னோர்கள் மலையிலிருந்து இறங்கிய வரலாற்றில் ஆரம்பித்தார். அங்கிருந்து வயல், வாய்க்கால், வம்சம் என்று இறங்கி எர்மான்ஜாஸின் பின்பக்கத்துக்கு வந்து சேருவதற்குள் காப்பி ஆறிப்போனது.

"மாமா, நான் நேராவே சொல்லிடுறேன்," என்றான் ஜாஸ்ரில்.

"நேராச் சொல்லாதே. இது மானமுள்ள வீடு. சுத்திச் சொல்லு."

ஜாஸ்ரில் தொண்டையைச் செருமினான். "ஒரு வீடு இருக்குன்னு வெச்சுக்குவோம். ரெண்டு வேலைக்காரங்க. ஒருத்தன் முன்வாசலுக்கு. விருந்தாளிக்குச் சோறு போடுறதெல்லாம் அவன். இன்னொருத்தன் கொல்லைக்கு."

"சரி."

"கொல்லைக்காரனுக்கு இப்ப கொல்லைக்குப் போக முடியல. ஆனா கொல்லை சுத்தமா இருக்கு. அப்ப யார் பெருக்குறா?"

டத்துக் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "முன்வாசல்காரனே போறான்னு சொல்ல வர்றியா?"

"நான் சொல்லல மாமா. நாத்தம் வரல, அதனால சந்தேகம் வருது."

எல்லோரும் எர்மான்ஜாஸின் வலக்கையைப் பார்த்தார்கள். அது முழங்காலின் மேல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளைதான் சொல்லணும்," என்றார் டத்துக். "ஆமாவா, இல்லையா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு யார் என்பது. அதற்குப் பதில் சொன்னால், இந்த மனிதர்கள் மத்தியில், மனைவியின் மாமனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிற இந்தப் பாயில், இனி எப்படி உட்காருவது? யுஸ்னிமார் எப்படித் தெருவில் நடப்பாள்? ஆமாம் என்றால் தட்டு போச்சு. சாகிறவரைக்கும் கல்லாதான், அதுவும் காசைத் தொட விடுவார்களோ என்னவோ. கொல்லையில் மணலைத் தூக்கிய மாதங்கள் ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து அழுத்தின. அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு, போகட்டும் தட்டு என்று முடிவு செய்தார்.

"ஆமா," என்றார். "வலக்கைதான்."

ஜாஸ்ரில் பெருமூச்சு விட்டான். அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது.

யுஸ்னிமார் ஈரக் கையோடு நின்றாள். "யார் வீடு இது?"

ஆம்பிளைகள் ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்தார்கள்.

"மாமா, உங்களைத்தான் கேக்கிறேன். யார் வீடு?"

"உன் வீடு," என்றார் டத்துக்.

"என் வீட்டுல, என் பாயில உக்காந்து, என் புருஷனோட கொல்லையைப் பத்தி இத்தனை ஆம்பிளைங்க பேசுறீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "இதோ, இதுதான் பெருக்குது. ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து தினமும் காலையில நான்தான். சுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது. என் புருஷன் குண்டியை நான் கழுவுறேன்."

டத்துக்குக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார்.

"யுஸ்னி, சத்தியம் பண்ணினியே," என்று எர்மான்ஜாஸ் முனகினார்.

"நீங்க பொய் சொன்னீங்கல்ல? அதோட சரியாப்போச்சு." தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய் ஜாஸ்ரில், கேட்டுக்கோ. அவர் வலக்கைக்கு என்னடா கேடு? ஒரு தரம், ஒரே ஒரு தரம் அதை வெச்சிருந்தாருன்னா என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். வெக்கப்பட்டு அழுதாரு. அப்பவும் வைக்கல. சோறு போடுற கையாம். உன் கடைக்கு வர்ற ஊர் பேர் தெரியாத டிரைவருக்காக, என் மனுஷன் தன் மானத்தைத் தினமும் காலையில என் கையில குடுக்கிறாரு. அந்தக் கையையாடா அசிங்கம்னு சொன்ன?"

ஜாஸ்ரில் குனிந்துகொண்டான். எர்மான்ஜாஸ் அழுதார், இந்த முறை மறைக்கவில்லை. டத்துக்கின் சுருட்டுச் சாம்பல் நீண்டு வேட்டியில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"சமையல் ஆச்சா?"

"ஆச்சு," என்றாள் யுஸ்னிமார்.

"பசிக்குது. எர்மான்ஜாஸ், எழுந்திரு. பரிமாறு."

எர்மான்ஜாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையைக் கழுவினார். யுஸ்னிமார் தட்டுகளை ஒவ்வொன்றாக அவர் இடக்கையில் ஏற்றினாள். உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கை, முழங்கை. தோளின் வெளிப்பக்கத் தசை கல்லாக இறுகியது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கை உள்ளே சாயப் பார்த்தது, உடம்பைத் திருப்பினார். ஒவ்வொருவர் முன்னாலும் காலைப் பதித்து, இடுப்போடு சுற்றி, மெதுவாக முழங்கால் மடக்கிக் குனிந்து வைத்தார். முன்பெல்லாம் ஒரு நொடியில் முடிந்த வேலை இப்போது நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

டத்துக் முன்னால் சோற்றுத் தட்டு இருந்தது. எர்மான்ஜாஸ் ரெண்டாங் கறிக்குக் கரண்டியைத் தேடினார்.

"கரண்டி எதுக்கு?" என்றார் டத்துக். "கையால வை."

எர்மான்ஜாஸ் வலக்கையால் ஒரு துண்டை எடுத்துச் சோற்றின் மேல் வைத்தார். டத்துக் அதைப் பிய்த்து, பிசைந்து, வாயில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி மென்று விழுங்கினார். பிறகு மற்றவர்களும் தட்டை நகர்த்திக் கொடுத்தார்கள்.

கடைசியில் ஜாஸ்ரில். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எர்மான்ஜாஸ் தோள் எரிய எரிய நின்றார். போய்விடவில்லை. ஜாஸ்ரில் தட்டைத் தூக்கி நீட்டினான்.

"எனக்கும் கையாலயே வைங்க மச்சான்."

எர்மான்ஜாஸ் ரெண்டாங் தட்டைத் துழாவினார். நல்ல கறித் துண்டுகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளி, அடியில் கிடந்த வெறும் ஜவ்வாகப் பார்த்து எடுத்து அவன் சோற்றின் மேல் வைத்தார். ஜாஸ்ரில் அதை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான்.